காலில் சக்கரம்: ரோலர் டெர்பி கேள்வி-பதில்

போன இதழில், சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடும் ரோலர் டெர்பியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளியில் கொஞ்ச நாள் ஸ்கேட்டிங் போனதோடு சரி. ஒரு ஆட்டத்தை வீடியோவில் பார்த்தேன். யார் யாரை எதற்கு இடிக்கிறார்கள் என்றே புரியவில்லை, ஆனால் ஆட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இந்த வயதில் முடியுமா?

தாராளமாக முடியும். சுவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, பிறகு நன்றாக ஆடியவர்களை எனக்கே நிறையத் தெரியும்.

முதலில் யார் யாரை எதற்கு இடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். நீள்வட்டத் தளம், அணிக்கு 5 பேர். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்ட உறை அணிந்தவர் ஜாமர், மற்ற 4 பேர் பிளாக்கர்கள். இரண்டு அணி பிளாக்கர்களும் ஒரே கூட்டமாக முன்னால் நிற்க, இரண்டு ஜாமர்களும் பின்னாலிருந்து கிளம்பி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். முதல் தடவைக்குப் புள்ளி கிடையாது, ஆனால் விதி மீறாமல் முதலில் வெளியே வருகிறவர் லீட் ஜாமர் ஆகிறார். அப்புறம் சுற்றி வந்து மறுபடி நுழைந்தால், தாண்டுகிற ஒவ்வொரு எதிரணி பிளாக்கருக்கும் 1 புள்ளி. இப்படி ஜாமர்கள் கிளம்புவதிலிருந்து முடியும் வரை ஒரு ஜாம், அது அதிகபட்சம் 2 நிமிடம். லீட் ஜாமர் இரண்டு கையாலும் இடுப்பைத் தட்டிக் காட்டினால் அதற்கு முன்பே முடிந்துவிடும். 30 நொடியில் அடுத்த ஜாம். இப்படி 30 நிமிடமாக இரண்டு பாதி. கபடி தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால், இரண்டு அணியின் ரெய்டரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே கூட்டத்துக்குள் புகுந்தால் எப்படி இருக்கும், அப்படி. பந்தே இல்லாத ஆட்டம் என்பதால் கண் எங்கே போக வேண்டும் என்று முதலில் தெரியாது. நட்சத்திரத்தை மட்டும் பாருங்கள், பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

கேள்வி: ஸ்கேட் வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். எது நல்லது?

அந்தக் காசில் முதலில் முழங்கால் பேட் வாங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். சுமாரான ஸ்கேட்டில் ஒரு வருடம் ஓட்டிவிடலாம், சுமாரான முழங்கால் பேடில் ஒரு மாதம் தாண்டுவது கஷ்டம். தடிமனான பஞ்சும் கெட்டியான மூடியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கட்டு, முழங்கை பேடுகள், மவுத் கார்டு, ஹெல்மெட் எல்லாமே கட்டாயம். மற்றவற்றைக் கிளப்பில் இரவல் கேட்கலாம், ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது.

ஸ்கேட் என்றால் குவாட், அதாவது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம். ஒரே வரிசையில் சக்கரம் உள்ள இன்லைனில் ஆட்டக்காரர்கள் இறங்க முடியாது, நடுவர்கள் போடலாம். சக்கரத்தில் 88ஏ, 95ஏ என்று எண் இருக்கும். எண் குறைந்தால் மென்மை, தரையை நன்றாகப் பிடிக்கும். கூடினால் கடினம், வழுக்கும். பளபளப்பான தரைக்கு மென்மையானதும், ஏற்கெனவே பிடிப்புள்ள தரைக்கு கடினமானதும் சரி. உடல் எடை கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் கடினமாகப் போகலாம், ஏனென்றால் எடையே சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பழகப்போகும் தரையைப் பார்க்காமல் சக்கரம் வாங்காதீர்கள்.

கேள்வி: மூன்று வகுப்பு ஆகிறது. விழுவதற்குத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், ஓட விடவே மாட்டேன் என்கிறார்கள். எப்போது நிஜமாக ஆரம்பிப்பார்கள்?

ஆரம்பித்துவிட்டார்கள்! கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் நானும் இதே எரிச்சலோடு நின்றிருக்கிறேன். ஓடுவது தானாக வரும். நிற்பதும் விழுவதும்தான் வராது. பயத்தோடு விழுகிறவர் என்ன செய்வார்? முதுகை நிமிர்த்துவார், கை இரண்டையும் பின்னால் நீட்டுவார், நேராக வால் எலும்பில் போய் உட்காருவார். அந்த வலி வாரக்கணக்கில் விடாது, நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும்.

முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த நிலையிலிருந்து விழுந்தால் போவது முன்னால்தான். ஒரு முழங்காலைத் தரையில் தட்டி, அதே வேகத்தில் எழுந்துவிடலாம். அடுத்து, இன்னொரு விஷயம். விழும்போது விரல்களை மூடி முஷ்டியாக வைத்துக்கொள்ளுங்கள். இதை என் பயிற்சியாளர் நூறு தடவை சொல்லியும் நான் கேட்கவில்லை. ஒருநாள் கையை விரித்தபடி விழுந்தேன். பின்னால் வந்தவரின் சக்கரம் சுண்டுவிரல் மேல் ஏறி இறங்கியது. நகம் கறுத்து, உரிந்து, புதிதாக முளைக்கும் வரை ஒவ்வொரு சட்டைப் பொத்தானும் எனக்குப் பாடம் நடத்தியது.

நிற்பதற்கு முதலில் ப்ளோ ஸ்டாப்பைப் பழகுங்கள். காலை அகலமாக வைத்து, பெருவிரல்களை உள்பக்கம் திருப்பி, குதிகாலை வெளியே தள்ளுவது. பின்னாளில் நீங்கள் பிளாக்கராக நின்று எதிரணி ஜாமரை இடுப்பால் தாங்கி வேகத்தைக் குறைக்கப்போவதும் இதே அசைவால்தான். வகுப்பில் போரடிக்கிறது என்று விட்டவர்களுக்கு ஆட்டத்தில் அது கைகொடுக்காது.

கேள்வி: ஆறு மாதமாகப் பழகுகிறேன். 5 நிமிடத்தில் 27 சுற்று ஓடச் சொல்கிறார்கள். 22-லேயே நின்றுவிட்டேன். உடம்பில் வலு போதவில்லையா? ஓட்டப் பயிற்சி செய்யட்டுமா?

கணக்கைப் பார்ப்போம். 27 சுற்றுக்கு ஒரு சுற்று சுமார் 11 நொடி. உங்களுக்கு 13 நொடிக்கு மேல் ஆகிறது. சுற்றுக்கு இரண்டரை நொடி எங்கேயோ வீணாகிறது, அது மூச்சில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். வளைவில்தான் போகிறது.

வளைவு வந்ததும் பலர் கால் இரண்டையும் வைத்துச் சும்மா உருண்டு போகிறார்கள். ஆட்டம் இடப்பக்கமாகவே சுற்றுவதால் வலது காலை இடது காலுக்கு மேல் குறுக்கே வைத்துப் போக வேண்டும், இதைக் கிராஸ் ஓவர் என்பார்கள். இதைச் செய்கிறவர்களிலும் பெரும்பாலோர் வலது காலை எடுத்து வைப்பதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். வேகம் வருவது அந்த நேரத்தில் அடியில் இருக்கும் இடது காலிலிருந்து. அது வலது காலுக்குப் பின்னால் வெளிப்பக்கமாக நீண்டு தள்ள வேண்டும். யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி உங்கள் இடது காலை மட்டும் பாருங்கள், சும்மா தூக்கி வைக்கிறதா தள்ளுகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் பாதை: நேர்ப் பகுதியில் வெளிக்கோட்டுப் பக்கம் போய், வளைவின் நடுவில் உள்கோட்டை உரசுகிற மாதிரி வாருங்கள். உள்கோட்டை ஒட்டியே முழுச் சுற்றும் போனால் தூரம் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, இந்த எண்ணிக்கையே கல்லில் எழுதியதல்ல. ஒரு காலத்தில் 25, பிறகு 27. இப்போது இதைக் கேட்காத கிளப்புகளும் உண்டு. ஓட்டப் பயிற்சி செய்தால் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு காலில் உட்கார்ந்து எழுவதைப் பழகினால் லாபம் அதிகம்.

கேள்வி: இது பெண்களுக்கான விளையாட்டா? நான் ஆண், ஆடலாமா?

ஆடலாம். ஆண்கள் அணிகளுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. 1935-ல் சிகாகோவில் லியோ செல்ட்சர் இதைத் தொடங்கியபோதே ஆணும் பெண்ணும் ஜோடியாக ஓடினார்கள். அப்போது அது யார் அதிக தூரம் தாக்குப்பிடிக்கிறார் என்கிற பந்தயம். இடையில் ஆட்டம் படுத்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள் அதை மீட்டெடுத்தார்கள். பெண்கள் ஆட்டம் என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். ஆட்டக்காரர்களே கிளப்பை நடத்துகிற பழக்கமும் அப்படித்தான் நிலைத்தது. அதனால் சேர்ந்தால் ஆடுவதோடு விடமாட்டார்கள், தளத்தின் கோடுகளுக்காகத் தரையில் டேப் ஒட்டவும் கூப்பிடுவார்கள்.

கேள்வி: நான் ஒல்லி. முதல் இடியிலேயே பறந்துவிடுவேன் என்று எல்லாரும் சிரிக்கிறார்கள்.

தாழ்வாக நிற்கிற ஒல்லியை அசைப்பது, நிமிர்ந்து நிற்கிற குண்டரை அசைப்பதை விடக் கஷ்டம். சிரிப்பவர்களைத் தளத்துக்குக் கூட்டி வாருங்கள்.

கேள்வி: என்னோடு சேர்ந்தவள் முதல் ஆட்டத்துக்குத் தேர்வாகிவிட்டாள். நான் ஆகவில்லை. அவளைவிட வேகமாக ஓடுவேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பொறாமையாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் வந்திருக்கிறது. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 15 பேர்தான், யாராவது வெளியேதான் நிற்க வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இடறியது: பயிற்சி ஆட்டத்தில் அடிக்கடி பெனால்டி வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள், ஏதோ ஓரமாகச் சொல்வது போல. காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு பெனால்டிக்கு 30 நொடி வெளியே உட்கார வேண்டும். அதுவரை உங்கள் அணி ஒரு ஆள் குறைவாக ஆடுகிறது, ஜாமர் போய் உட்கார்ந்தால் புள்ளியே எடுக்க முடியாது. 7 ஆனால் அன்றைய ஆட்டமே முடிந்தது. வேகமானவர்கள் வழக்கமாகச் செய்வது முதுகில் இடிப்பது, ஏனென்றால் முன்னால் இருப்பவர் வேகத்தைக் குறைக்கும்போது இவர்களால் குறைக்க முடியவில்லை. திரும்பவும் ப்ளோ ஸ்டாப்புக்கே வந்துவிட்டோம், பாருங்கள்.

பயிற்சியாளரிடம் போய் ‘ஏன் என்னை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘நான் இந்த மாதம் சரிசெய்ய வேண்டிய இரண்டு விஷயம் எது’ என்று கேளுங்கள். அப்புறம் தோழி ஆடுகிற அன்று வீட்டில் இருக்காமல், பெனால்டி பெட்டியில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் பெயர் கொடுங்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு, வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே வந்து உட்காருகிறவர்கள் என்ன தப்பு செய்துவிட்டு வருகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்தால், விதிப்புத்தகத்தை மூன்று முறை படித்ததற்குச் சமம்.

கேள்வி: பேடு நாற்றம் தாங்கவில்லை. என்ன செய்யலாம்?

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துக் காற்றாட விரித்துப் போடுங்கள், மாதம் ஒருமுறையாவது சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் முழுசாகக் காயவையுங்கள். ஈரத்தோடு பையை மூடிவைத்துவிட்டு, அடுத்த பயிற்சியில் யாரும் கிட்டே வந்து தடுக்கவில்லை என்றால் அதை உங்கள் திறமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.