மாட்டு டாக்டர்களின் சந்தேகங்கள்: மலையகத்திலிருந்து ஒரு கேள்வி பதில்

மழை விட்ட பாடில்லை. நானும் இன்று வெளியே போகவில்லை. தோட்டங்களில் 20 வருடத்துக்கு மேல் மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டுத் திரிந்தவன் என்ற ஒரே தகுதியில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். பேராதனை மிருக வைத்தியப் பீடத்தை விட்டு அண்மையில் வெளியே வந்தவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். மருந்தளவை மட்டும் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் இளம் மிருக வைத்தியர்: சேர், கன்று போட்டு இரண்டாம் நாள் படுத்துவிட்ட பிரீசியன் பசுவுக்குக் கல்சியம் ஏற்றினேன். பாதிப் போத்தல் போவதற்குள் கால்களை உதறிக்கொண்டு செத்துவிட்டது. லயத்துச் சனம் முழுக்கச் சுற்றி நின்றது. என் பிழையா?

தம்பி, எனக்கும் இது நடந்திருக்கிறது. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், விடியக்காலை, லயத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பட்டி. வண்டியில் கிடந்து சில்லிட்டுப் போயிருந்த போத்தலை அப்படியே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஐந்தே நிமிடத்தில் உள்ளே விட்டேன். மாடு போய்விட்டது. மாட்டுக்கார அம்மா அழவில்லை. "நல்லா பால் குடுத்துச்சு ஐயா" என்றார், அவ்வளவுதான். அதைவிட நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

கன்று போட்டதும் இரத்தத்தில் கல்சியம் குறைந்து மாடு படுத்துவிடுவதைத்தான் பால் காய்ச்சல் என்கிறோம். அதற்கு ஏற்றும் கல்சியம் நேரே இதயத்தில் வேலை செய்கிற மருந்து. ஆகவே முதலில் போத்தலை வெந்நீர் வாளியில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கேத்தல் இல்லாத லயம் எது? போத்தலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் ஸ்டெதஸ்கோப்போடு மாட்டின் இடது முழங்கைப் பக்கம் குந்திவிடுங்கள். ஒரு போத்தல் இறங்க 10 முதல் 20 நிமிடம் ஆகட்டும். துடிப்பு தாறுமாறானால், அல்லது சட்டென்று மந்தமானால், குழாயை மடித்துப் பிடித்து நிறுத்துங்கள். ஏப்பம் வருவது, தசை நடுங்குவது, காய்ந்திருந்த மூக்கில் வியர்வை பூப்பது, சாணம் போடுவது எல்லாம் மருந்து வேலை செய்வதன் அடையாளம்.

ஊசியை எடுக்கும் முன்பே இரண்டு விஷயம் பார்த்திருக்க வேண்டும். யாராவது ஏற்கெனவே கல்சியம் போட்டார்களா என்று கேட்பது ஒன்று. அடுத்தது வெப்பமானி. பால் காய்ச்சல் என்ற பெயரே ஏமாற்று. உண்மையான பால் காய்ச்சலில் காது சில்லென்றிருக்கும், உடம்புச் சூடு பெரும்பாலும் 38 பாகைக்குக் கீழே நிற்கும். 40 காட்டினால் மடியிலோ கருப்பையிலோ கிருமித் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். நஞ்சேறிய மாட்டின் இதயம் கல்சியத்தைத் தாங்காது. உங்கள் மாடு எதனால் செத்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த இரண்டையும் பார்த்தீர்களா என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. மாடு எழும்பவில்லை என்பதற்காக உடனே இரண்டாவது போத்தலை மாட்டாதீர்கள். காய்ந்த மானாப்புல்லை மொத்தமாகப் பரப்பி, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். ஒரே காலின் மேல் கிடந்தால், கல்சியம் சரியான பிறகும் அந்தக் கால் எழும்பாது.

நம் பக்கத்தில் இந்த நோய்க்குப் புல்லும் ஒரு காரணம். பட்டி கழுவிய தண்ணீர் ஓடும் வாய்க்காலோரத்தில் சீஓ-3 என்ற தீவனப் புல்லை நடுகிறோம். சாணமும் மூத்திரமும் குடித்த புல்லில் பொட்டாசியம் ஏறும். சினை மாடு அதைத் தின்றால், கன்று போடும் நேரத்தில் எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் வேலை மந்தமாகும். கடைசி மூன்று வாரமும் அந்த மாட்டுக்கு மட்டும் வேறிடத்துப் புல் வெட்டிப் போடச் சொல்லுங்கள். செலவில்லாத வைத்தியம்.

ஹட்டனிலிருந்து: சேர், ஒரு மாடு எச்சில் வடிக்கிறது, விழுங்க மாட்டேன் என்கிறது. தொண்டையில் உருளைக்கிழங்கு அடைத்திருக்கும் என்கிறார்கள் வீட்டார். கையை விட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம், தங்கச்சி. அடைப்பென்றால் பெரும்பாலும் வயிறு உப்பும், மாடு கழுத்தை நீட்டி நீட்டித் திணறும். கரகரத்த குரலில் ஓயாமல் கத்துகிறதா, பின்கால் தள்ளாடுகிறதா, வால் துவண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விசர் (ரேபிஸ்) என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும், அது விசரில்லை என்று உறுதியாகும் வரை வெறுங்கை உள்ளே போகக்கூடாது. ஆரம்ப காலத்தில் நான் விட்டிருக்கிறேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாட்கள் நினைவிருக்கின்றன.

நீங்கள் முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறீர்களா? உலக சுகாதார அமைப்பு 2018இல் அதை இரண்டு தவணையாகக் குறைத்துவிட்டது: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. அது போட்டிருந்தால், பிறகு கடியோ கீறலோ பட்டாலும் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படாது, குறைந்த தவணையோடு முடியும். எச்சில் பட்ட காயத்தை 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். மணிக்கூட்டைப் பாருங்கள்.

வெலிமடையிலிருந்து: மடிவீக்கத்துக்கு எந்த அன்டிபயோட்டிக் சிறந்தது?

கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: அன்டிபயோட்டிக் வேண்டுமா? பாலில் திரி மட்டும் வருகிறது, மாடு நன்றாகத் தின்கிறது என்றால், மருந்தேற்றும் முன் சுத்தமாக ஒரு மாதிரி எடுத்துக் கன்னொறுவ ஆராய்ச்சி நிலையத்துக்கோ பேராதனைக்கோ அனுப்பப் பாருங்கள். இப்படியான மாதிரிகளில் கணிசமான பங்கில் கிருமியே வளராது. மருந்து போட்டால், பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றக்கூடாத நாட்களை எழுதிப் பட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

கண்டியிலிருந்து: அண்ணா, உண்ணிக் காய்ச்சல் நாய்க்கு இமிடோகார்ப் இரண்டு முறை போட்டும் திரும்பி வருகிறது.

இரத்தப் பூச்சைப் பார்த்தாயா? உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணியான பபேசியாவில் பெரிய வகை என்றால் இமிடோகார்ப் கேட்கும். சிறிய வகையான பபேசியா கிப்சோனி அதற்கு அவ்வளவாக மசியாது. அதற்கு அட்டோவகோன் கிலோவுக்கு 13.3 மில்லிகிராம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை, 10 நாள். அட்டோவகோனைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கான மலேரியா மாத்திரையில் புரோகுவானிலும் சேர்ந்திருப்பதால் சில நாய்கள் வாந்தி எடுக்கும். விலையைக் கேட்டு நாய்க்காரர் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்.

நுவரெலியாவிலிருந்து, பன்றி வளர்ப்பவர் ஒருவர்: ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறதா ஐயா? ஹோட்டல் மிச்சச் சாப்பாடுதான் போடுகிறோம்.

உங்கள் பட்டிக்குப் போட என்னிடம் ஊசி இல்லை. 2024இல் அந்த நோய் நம் நாட்டுக்குள் வந்த பிறகு, பிழைத்த பட்டிகளைக் காத்தது வேலியும் சுத்தமும்தான். ஹோட்டல் மிச்சத்தை நிறுத்துவதே நல்லது. நிறுத்த முடியாவிட்டால், 90 பாகைக்குக் குறையாமல், கிளறிக்கொண்டே, ஒரு மணித்தியாலம் வேகவையுங்கள். மனிதருக்கு இது தொற்றாது, பயப்பட வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து: சேர், கருத்தரங்குகள் எல்லாம் கொழும்பில், இல்லாவிட்டால் பேராதனையில். பஸ்ஸில் போய் வரவே ஒரு நாள். எப்படிப் படிப்பைத் தொடர்வது?

இலவசமாகக் கிடைப்பதை முதலில் முடியுங்கள். எம்எஸ்டி கால்நடைக் கையேடு முழுக்க இணையத்தில் இருக்கிறது. விசர் ஒழிப்புக்கான உலகக் கூட்டணி இலவசப் பாடங்கள் நடத்துகிறது. சிறு பிராணி வைத்தியர்களின் உலகச் சங்கம் 2024இல் வெளியிட்ட தடுப்பூசி வழிகாட்டியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குட்டியின் கடைசித் தவணை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்பதோடு, அடுத்ததை ஒரு வயது வரை தள்ளாமல் 26 வார அளவிலேயே போடச் சொல்கிறது. நம்மில் பலர் இன்னும் 12 வாரத்தோடு அட்டையை மூடுகிறோம்.

ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது ஒரு சீஆர் கொப்பி. செத்த மாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மாதம் ஒருமுறை நாலு பேர் போனில் கூடி, ஆளுக்கு ஒரு பக்கம் வாசிப்போம். நல்லபடி முடிந்த கதைகளைச் சொல்ல எல்லோரும் முந்துவார்கள், அதனால் அவற்றுக்கு அனுமதியில்லை.

தலவாக்கலையிலிருந்து: தேயிலைக்குப் போட வைத்திருந்த யூரியா சாக்கை மாடு நக்கிவிட்டது. என்ன செய்வது?

அரை மணித்தியாலத்திலேயே பல்லை நெறித்து, நடுங்கி, வயிறு உப்பத் தொடங்கும். நேரமில்லை. பெரிய மாட்டுக்கு 2 முதல் 8 லிட்டர் வினாகிரி, கூடவே வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீர், இரைப்பைக் குழாய் வழியாக. படுத்துவிட்ட மாட்டின் வாயில் போத்தலால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் தலவாக்கலையில் பஞ்சமில்லை.

அவரே மீண்டும்: சமையல் வினாகிரி போதுமா, சேர்?

போதும். புளிப்பு 4 அல்லது 5 வீதம் என்று லேபலில் இருந்தால் சரி. என் வண்டியின் பின்னால் எப்போதும் ஒரு கேன் கிடக்கும். அச்சாறு போட என்று வீட்டில் எடுத்துவிடுகிறார்கள், அதனால் இப்போது அதன் மேல் "மாட்டுக்கு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.