களத்தில் கேளுங்கள்: இந்தியன் விமன்ஸ் லீக்

பெண்கள் கால்பந்து லீக் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

முன்பெல்லாம் இந்தியன் விமன்ஸ் லீக்கை ஒரே ஊரில் வைத்து மளமளவென்று முடித்துவிடுவார்கள். இப்போதும் அப்படித்தானா? 16 அணிகள் இருந்த இடத்தில் எட்டு ஆகிவிட்டதே, இது வளர்ச்சியா தேய்மானமா?
*- வாசகர், பண்ருட்டி*

வளர்ச்சிதான். 2023-24க்கு முன்புவரை பேர்தான் லீக், நடந்ததெல்லாம் டோர்னமென்ட். முதல் இறுதிச் சுற்று 2017இல் டெல்லியில் 6 அணிகளோடு நடந்தது. சென்னையை ஒட்டிய ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி அணியும் அதில் இருந்தது. பிறகு 2018 ஷில்லாங், 2019 லூதியானா, 2020 பெங்களூரு. கொரோனாவால் ஒரு பருவம் போயிற்று. 2022இல் புவனேஸ்வரில் 12 அணிகள், 2023இல் அகமதாபாத்தில் 16 அணிகள்.

இந்த 16 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டு எட்டாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு அணிகள் காலிறுதிக்குப் போயின. மீதி எட்டு அணிகளும் தலைக்கு 7 ஆட்டத்தோடு மூட்டை கட்டின. அந்த அணிகளின் பெண்களுக்குத் தேசிய அளவில் அந்த ஆண்டின் லீக் கால்பந்து அவ்வளவுதான். அதுவும் ஏப்ரல், மே வெயிலில், ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில். தொடைத் தசை சோர்வு தீருமுன் அடுத்த ஆட்டம் வந்துவிட்டால் காயம் வராமல் என்ன செய்யும்?

2023-24இல் 7 அணிகள், சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்ற முறைக்கு மாறியது. டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை அணிக்கு 12 ஆட்டம். 2024-25இலும் அதே முறை: 8 அணிகள், அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. அணி குறைந்தது, ஆட்டம் கூடியது. ஒரு வீராங்கனைக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

கீழே இரண்டாம் டிவிஷனும் 2023-24இல் தொடங்கிவிட்டது. மாநில லீக்கில் ஜெயிக்கும் அணி அங்கே போகும், அங்கிருந்து மேலே ஏறும். அந்த ஆண்டு ஸ்ரீபூமி எஃப்.சி.யும் நீத்தா கால்பந்து அகாடமியும் ஏறி வந்தன. இறக்கமும் உண்டு. 2023-24 சாம்பியன் ஒடிஷா எஃப்.சி அடுத்த பருவத்திலேயே கீழே இறங்கிய கதை போதாதா?

மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். நன்றாக ஆடுகிறாள் என்று பி.இ.டி. ஆசிரியர் சொல்கிறார். லீக் அணி வரைக்கும் போக வழி என்ன? ஒருவர் பணம் கொடுத்தால் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார்.
*- ஒரு தகப்பனார், தருமபுரி மாவட்டம்*

பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள் ஐயா. பிறகு கீழே சொல்வதை இந்தக் கோடைக்குள் செய்யுங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. பத்தாம் வகுப்புக்குக் கிடையாது. ஆகவே உங்கள் மகளுக்கு ஒன்பதில் நுழைய இதுதான் சமயம். விட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் ஆன்லைனில் விண்ணப்பித்து, மாவட்டத் தேர்வுக்குப் போக வேண்டும். மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்து, பெண்கள் கால்பந்து எந்தெந்த விடுதியில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுதி கிடைக்காவிட்டாலும் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும் இருக்கின்றன. பயிற்சியாளர்கள் ஆள் பிடிக்க வருவது அங்கேதான். கூடவே மாவட்டக் கால்பந்துக் கழகத்தில் பதிவான ஒரு கிளப்பில் சேருங்கள். மாநில அணித் தேர்வுக்கு அந்தப் பதிவு வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது ஆட்டத்தில் அல்ல, காகிதத்தில். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பிறந்த தேதியும் பெயரின் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் கே, இன்னொன்றில் தகப்பனார் பெயர் முழுதாக என்றிருந்தால் பதிவு நிற்கும். போட்டி நேரத்தில் ஓடித் திருத்த முடியாது. இப்போதே தாலுகா ஆபீஸ் வேலையை முடித்துவிடுங்கள். வயதைக் குறைத்துக் காட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ச்சி தெரிந்துவிடும், தடையும் வரும்.

தேர்வு நாளில் புது பூட்ஸ் வேண்டாம். பத்து நாளாவது காலில் பழகிய பூட்ஸோடு போகட்டும்.

பெண்களுக்குப் பந்து சின்னதா? நேரம் குறைவா?
*- வாசகி, காரைக்குடி*

இரண்டும் இல்லை. அதே 5ஆம் எண் பந்துதான்: சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். அதே 90 நிமிடம், அதே 7.32 மீட்டர் அகல கோல். 4ஆம் எண் பந்து சிறுவர், சிறுமியர் பயிற்சிக்கு.

லீக் கிளப் ஒன்று ஒப்பந்தம் தருகிறது. எவ்வளவு கேட்கலாம்? சம்பளம் நிலுவை வைத்தால் என்ன செய்வது?
*- வீராங்கனை, சேலம்*

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023இல் ஒரு முடிவு எடுத்தது. லீக் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய்க்குக் குறையாத தொழில்முறை ஒப்பந்தம் தர வேண்டும். மாதக் கணக்கில் சுமார் 26,600. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள். நீங்கள் அந்தப் பத்துப் பேரில் ஒருவரா என்பதையும் நேராகக் கேளுங்கள். பதினோராவது ஆளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கையெழுத்துக்கு முன் தேதியைப் பாருங்கள். பருவத்துக்கு மட்டும் ஒப்பந்தம் என்றால் நான்கைந்து மாதத்தில் வருமானம் நின்றுவிடும். காயம் பட்டால் ஸ்கேன், அறுவை சிகிச்சை, பிசியோ செலவு யாருடையது என்று எழுத்தில் இருக்கட்டும். "பார்த்துக்கொள்வோம்" என்ற வாய்வார்த்தை எம்.ஆர்.ஐ. எடுக்க உதவாது. நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும், ரொக்கத்தில் வேண்டாம்.

நிலுவை பற்றி ஃபிஃபா விதி தெளிவு. இரண்டு மாதச் சம்பளமாவது உரிய தேதியில் வரவில்லை என்றால், கிளப்புக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகும். உள்நாட்டுத் தகராறுகளைக் கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழு விசாரிக்கும். பலர் செய்யும் பிழை, கோபத்தில் நோட்டீஸ் இல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவது. பிறகு ஒப்பந்தத்தை முறித்தது யார் என்ற கேள்வி உங்கள் மேலேயே திரும்பும்.

இன்னொன்று: ஒரு பருவத்தில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். மகப்பேறு விடுப்பும் ஃபிஃபா விதியில் உண்டு: குறைந்தது 14 வாரம், அதில் பிரசவத்துக்குப் பின் 8 வாரம், மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தோடு.

எங்கள் கல்லூரி அணியில் முழங்கால் தசைநார் கிழிவது அடிக்கடி நடக்கிறது. பெண்கள் உடம்பு அப்படி என்கிறார்கள். உண்மையா?
*- பயிற்சியாளர், தஞ்சாவூர்*

ஏ.சி.எல். என்று சொல்லும் இந்த முழங்கால் தசைநார்க் காயம் பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக வருகிறது, அது உண்மை. ஆனால் அதைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலான கிழிசல் யாரும் இடிக்காமலே நடக்கிறது. குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கம் மடிகிறது. முட்டி உள்பக்கம் மடியாமல் இறங்கக் கற்றுக்கொடுக்கலாம்.

ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம்-அப் கால்பந்துக் காயங்களைக் குறைக்கவென்றே வடிவமைத்தது. 15 பயிற்சி, 20 நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறையாவது. கோன்களை 5, 6 மீட்டர் இடைவெளியில் ஆறு முதல் பத்து ஜோடி வைத்து, முதல் 8 நிமிடம் மெதுவோட்டம். அடுத்த 10 நிமிடம்தான் உயிர்நாடி: முழங்கை ஊன்றிய பிளாங்க் 20 முதல் 30 வினாடி மூன்று முறை, பக்கவாட்டிலும் அப்படியே, பிறகு நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசைக்கான பயிற்சி), ஒற்றைக்கால் நிற்பது, ஸ்குவாட், குதிப்பு. கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம்.

நார்டிக்கில் முட்டியிட்டு நிற்பவளின் கணுக்காலைத் தோழி இறுக்கிப் பிடிக்க வேண்டும். உடம்பு தலையிலிருந்து முட்டிவரை ஒரே கோடாக முன்னால் சாய வேண்டும். இடுப்பு மடிந்தால் எண்ணாதீர்கள். புதியவர்களுக்கு 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே பத்து வைத்தால் மறுநாள் ஒருத்தியும் நடக்க மாட்டாள்.

குதிப்பின்போது நீங்கள் எதிரே நின்று முட்டியைப் பாருங்கள். முட்டி கால்விரல் நேரே இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றால் உள்மடிப்பு தெரியாது. இந்தப் பகுதியை "நேரமாச்சு" என்று தாண்டிவிட்டு நேரே ஷூட்டிங்குக்குப் போகும் அணிகளே அதிகம், காயமும் அங்கேதான்.

தமிழ்நாட்டு அணி எப்போதாவது பட்டம் வென்றிருக்கிறதா?
*- வாசகர், இராமநாதபுரம்*

2019இல் மதுரை சேது எஃப்.சி. லூதியானா இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். 2022 புவனேஸ்வரில் இன்னொரு பட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் விட்டது: கடைசி நாளில், அதுவரை தோற்காத இரண்டு அணிகள் மோதின, சேதுவே முதல் கோல் போட்டது, ஆனால் கோகுலம் கேரளா 3-1 என்று முடித்தது. கடலூர் இந்திரா காந்தி அகாடமியும் 2018 ஷில்லாங்கில் ஆடியிருக்கிறது.

ஒடிஷா எஃப்.சி ஜப்பான் அணியிடம் 17 கோல் வாங்கியதே, அவ்வளவு மோசமா நம் லீக்?
*- வாசகி, புதுச்சேரி*

2024இல் ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் உராவா ரெட் டைமண்ட்ஸிடம் 0-17. ஆனால் அந்தத் தொடரின் பிரிவுச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய அணியும் ஒடிஷாதான். உராவா ஆடும் ஜப்பான் லீக்கில் 12 அணிகள், அணிக்கு 22 ஆட்டம். நம் சாம்பியன் 12 ஆட்டம் ஆடிவிட்டுப் போனது. 80 நிமிடம்வரை அழுத்தம் தரும் எதிரணியை வாரா வாரம் சந்திக்காத டிஃபன்ஸ், ஐந்தாவது கோலுக்குப் பிறகு வரிசை கலைந்துவிடும்.

அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அதே பிரிவுச் சுற்றில் ஈரானின் பாம் கதூனை 3-1 என்று வென்றது, இந்திய கிளப்புக்கு அங்கே முதல் வெற்றி. அந்த அணி 14 ஆட்ட லீக்கை முடித்துவிட்டுப் போயிருந்தது. அதனால் மட்டும் ஜெயித்தது என்று சொல்ல மாட்டோம், சீனாவின் வுஹானிடமும் உஸ்பெகிஸ்தானின் நசாஃபிடமும் தோற்றதும் அதே அணிதான்.