கண்ணில் மின்னல் வெட்டினால் பத்து நாள் காத்திருக்காதீர்கள்

"பத்து நாள் செல்போன், லேப்டாப் எதையும் தொடாமல் இருந்து பார்க்கிறேன். அப்புறமும் மின்னல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், இன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

எரிச்சல், தலைவலி, நீல ஒளி, பார்வை போய்விடுமோ என்ற பயம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முக்கியமானதை ஒரே வரியில் சொல்லியிருக்கிறீர்கள்: மூன்று நாளாக வலது கண் ஓரத்தில் பளிச்சென்று வெளிச்சம் வெட்டுகிறது, கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் திடீரென்று கூடிவிட்டன, கண்ணாடி பவர் மைனஸ் 7.

இதற்கும் செல்போனுக்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லி, வயது ஏற ஏற நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரியும். பிரியும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. எப்படி இழுத்தாலும் அது வெளிச்சமாகத்தான் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு இது சிக்கலில்லாமல் முடிந்துவிடும். சிலருக்கு விழித்திரை கிழிந்து, அந்தக் கிழிசல் வழியே நீர் புகுந்து, ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பெயர்ந்துவிடும். மைனஸ் 6க்கு மேல் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்திருப்பதால் ஆபத்து அதிகம், இளம் வயதிலேயே வரலாம்.

கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் லேசரோடு முடிந்துவிடும். பெயர்ந்துவிட்டால் ஆபரேஷன்தான். பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவதுபோல் நிழல் தெரிந்தால் நடுராத்திரி என்றாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், அதனால் வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள்.

மற்ற கவலைகளை விடுங்கள். செல்போனின் நீல ஒளி விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்று இணையத்தில் படித்தீர்களாம். பகல் வெளிச்சத்தில் அதைவிடப் பல மடங்கு நீல ஒளி இருக்கிறது. நீல ஒளியைத் தடுக்கும் என்று நீங்கள் வாங்கிய கண்ணாடிக்குச் செலவழித்தது போகட்டும், இன்னொன்று வாங்காதீர்கள்.

எரிச்சலுக்குக் காரணம் வறட்சி. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது கண் சிமிட்டுவோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். வேலையில் மூழ்கியிருக்கும் ஒருவர் முகத்தைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள்: மேலிமை பாதி வழி இறங்கி, கீழிமையைத் தொடாமலே திரும்பிவிடும். கண்ணின் அடிப்பகுதி காய்ந்துகொண்டே இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள். அந்த நேரத்தில் நாலைந்து முறை இமையை முழுசாக மூடித் திறங்கள். இரவில் செல்போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் நல்ல பழக்கம்தான், தூக்கம் தேறும். அதைத் தாராளமாகத் தொடருங்கள்.

ஆனால் கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் போடும் அந்தச் சொட்டு மருந்து எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அதில் டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது. அது ஸ்டீராய்டு. சிவப்பைச் சட்டென்று குறைக்கும். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி, நரம்பு பாதித்து, பார்வை சத்தமில்லாமல் குறையலாம். கண்புரையும் வரலாம். எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. போகும்போது அந்தப் புட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.