சுமந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி மாணவன். சோவியத்தில் தடைசெய்யப்பட்டிருந்த பாஸ்டர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ நாவலை ரஷ்ய மொழியில் ரகசியமாக அச்சிட்டுச் சோவியத்துக்குள் அனுப்பியது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை. உளவுப் பணத்தில் எல்லை தாண்டிய நாவலை இலக்கியம் என்று எப்படிக் கொண்டாடுவது? இன்று எல்லாத் தடை நூல்களும் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. புத்தகக் கடத்தலே பழங்கதைதானே?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பிடிஎஃப்பை விடுங்கள். கைபேசியைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் எல்லைகள் இன்றும் இருக்கின்றன.

சி.ஐ.ஏ. கதை உண்மைதான். 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு வந்த சோவியத் பயணிகளுக்கு, வத்திக்கான் அரங்கில் வைத்து அதைக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கங்களைப் பிரித்துப் பைகளில் திணித்துக்கொண்டார்கள். அச்சுக்கூலி யார் கொடுத்தது என்று கேட்கிறீர்கள். சரி. அந்தத் தாள்களோடு சோதனை வரிசையில் நின்றவனுக்கு வியர்த்திருக்குமே, அதற்கு யார் கூலி கொடுத்தது? பாஸ்டர்நாக் அந்த நாவலை எழுதியது சி.ஐ.ஏ.வுக்காக இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் துணிச்சலுக்கு ரசீது கேட்காதீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சில வாரங்களாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பது லித்துவேனியா. 1863இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக அங்கே எழுந்த கிளர்ச்சியை நசுக்கிய ஜார் அரசு, அதற்கு அடுத்த ஆண்டு லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை போட்டது. ரஷ்ய எழுத்தில் அரசே புத்தகம் போட்டது. மக்கள் அதைச் சீண்டவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவின் தில்சித் போன்ற ஊர்களில் அச்சடித்து, மூட்டை கட்டி, இரவில் முதுகில் சுமந்து வந்தார்கள். 1904 வரை, நாற்பது ஆண்டுகள். பிடிபட்டால் புத்தகம் பறிமுதல், ஆள் சைபீரியாவுக்கு. எல்லையிலேயே சுடப்பட்டவர்களும் உண்டு.

மூட்டைக்குள் என்ன இருந்தது? புரட்சிக் கவிதையா? பெரும்பாலும் ஜெபப் புத்தகம், நாட்காட்டி, அரிச்சுவடி. ஆமாம், குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அரிச்சுவடி! பத்திரிகைகள் எல்லாம் அப்புறம்தான், 1883 வாக்கில். தடை இலக்கியம் என்றதும் நமக்கு மேதைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்தக் குடியானவர்கள் உயிரைப் பணயம் வைத்தது ஒரு குழந்தை எழுத்துப் பழகும் தாளுக்காக. அவர்களில் யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார். அவர் பிறந்த மார்ச் 16, இன்று அங்கே புத்தகம் சுமந்தவர்களின் நாள். எழுதியவனுக்கு எல்லா ஊரிலும் சிலை இருக்கிறது தம்பி. சுமந்தவனுக்கு ஒரு நாள் ஒதுக்கிய ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இதில் எனக்கு ஒரு சொந்த உறுத்தலும் உண்டு. ஒருமுறை என்னிடமும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்கள். எந்த நாட்டுக்கு என்று சொல்ல மாட்டேன், வாங்கிக்கொள்ள வேண்டியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். உள்ளங்கை அளவுக் கவிதைத் தொகுப்பு. விமானம் இறங்கியதும் சோதனை வரிசை தெரிந்தது. நேரே கழிப்பறைக்குப் போய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன். அப்புறம் என் பெட்டியை யாரும் திறக்கக்கூட இல்லை.

வெளியே காத்திருந்தவர் என் கைகளைப் பார்த்தார். மறந்துவிட்டேன் என்றேன். “பரவாயில்லை, களைத்திருப்பீர்கள்” என்று சொல்லி, என் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.