அந்தச் சீட்டில் ஸ்டென்ட் இல்லை

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. பீடி சுற்றுகிறார். சர்க்கரை நோய் உண்டு, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.8. நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தோம். இப்போது பித்தப்பையில் கல். இரண்டு முறை வலி வந்து தணிந்தது. ஊர் டாக்டர் கொடுத்த சீட்டுடன் போனோம். ஒரு சர்ஜன் அடுத்த வாரமே ஆபரேஷன் என்றார். பாளையங்கோட்டையில் இன்னொருவர் இப்போது வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், முக்கூடல்

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டின் படத்தைப் பார்த்தேன். ‘பித்தப்பைக் கல், ஆபரேஷனுக்கு’ என்பதோடு சரி. ஸ்டென்ட் பற்றி ஒரு சொல் இல்லை. இப்படி எழுதினால், ஆபரேஷன் தேவை என்று உங்கள் டாக்டர் முடிவு செய்துவிட்டதாகவே சர்ஜன் எடுத்துக்கொள்வார். தேதி குறிப்பதுதான் மிச்சம். ‘தேவையா என்று பார்த்துச் சொல்லவும்’ என்று எழுதியிருந்தால், அம்மாவை உட்காரவைத்து முதலிலிருந்து விசாரித்திருப்பார். நானும் இப்படியொரு சீட்டை நம்பித் தேதி கொடுத்துவிட்டு, முந்தைய நாள் மாலை நோயாளியின் மாத்திரை டப்பாவைத் திறந்து, சீட்டில் இல்லாததைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். பாளையங்கோட்டை டாக்டர், ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்திருப்பார் போலிருக்கிறது.

அவர் சொன்னதே சரி. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, அவசரமில்லாத ஆபரேஷனை ஓராண்டு வரை தள்ளிவைப்பதே பொதுவான வழக்கம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும்தான் ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கின்றன. அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம். நிறுத்தாமல் அறுத்தால் ரத்தப்போக்கு கூடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

வலி தந்த கல் சும்மா இருக்காது என்பதும் உண்மை. காய்ச்சல், கண்ணில் மஞ்சள், மணிக்கணக்கில் விடாத வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது கணக்கு வேறு.

ஊர் டாக்டரிடம் கோபப்பட வேண்டாம். வாசலில் அறுபது பேர் காத்திருக்கும்போது எழுதிய சீட்டு அது. கூட்டமில்லாத நேரத்தில் போய்ப் புதிதாக எழுதி வாங்குங்கள். ஸ்டென்ட் வைத்த தேதியும் காரணமும், எல்லா மாத்திரைகளும், கிரியேட்டினினும், மூச்சு வாங்காமல் ஒரு மாடி ஏறுகிறாரா என்பதும் அதில் வரட்டும். இதய மருத்துவரிடம், ஆபரேஷனைத் தாங்குவார் என்ற ‘ஃபிட்னஸ்’ சான்றை மட்டும் கேட்காதீர்கள். குளோபிடோக்ரெலை எப்போது நிறுத்தலாம், ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதுவரை எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வலிக்கிறதே என்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவின் சிறுநீரகம் அதைத் தாங்காது.