பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 (300டிடிஐ டீசல் எஞ்சின் கொண்டது) நெடுஞ்சாலையில் அலறாமல் ஓட என்ன மாற்றலாம்?

முதலில் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், அதாவது கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி. டிஃபெண்டரின் எல்டி230 பாக்ஸில் ஹை ரேஷியோ (சாதாரண சாலை ஓட்டத்துக்கான பல் விகிதம்) 1.41, அதே காலத்து லேண்ட் ரோவர் டிஸ்கவரியில் 1.22. 235/85ஆர்16 டயரோடு ஐந்தாம் கியரில் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,600 சுற்றுகள் ஓடும். டிஸ்கவரி பாக்ஸ் போட்டால் 2,250 பக்கம் இறங்கும். லோ ரேஞ்ச் (கரடுமுரடான பாதைக்கான மெதுவான விகிதம்) அப்படியே இருக்கும், காட்டுப்பாதையில் இழப்பில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் பாக்ஸின் பின் அவுட்புட்டிலிருந்து வருவதால், உங்கள் பழைய ஸ்பீடோ கியரையே மாற்றிப் போட்டால் அளவு பிசகாது. கியர் லிவர் இணைப்பு மட்டும் வேறு, உங்களுடையதையே பொருத்துங்கள்.

பாக்ஸ் கீழே இறங்கியதும் இன்புட் கியரின் (கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் கியர்) உள் பல்லைப் பாருங்கள். சிவப்புத் துரு தெரிந்தால் அங்கே எண்ணெய் போகவில்லை. பற்கள் தேய்ந்து ஒருநாள் வண்டி நகராது. குறுக்கே துளையிட்ட கியர் போடுங்கள், எண்ணெய் உள்ளே ஏறும். இன்டர்மீடியட் ஷாஃப்டின் ஓ-ரிங்குகளும் புதிதாகட்டும், கசிவு பெரும்பாலும் அங்கேதான். பாக்ஸுக்கு இபி90 கியர் எண்ணெய் சுமார் 2.3 லிட்டர்.

வண்டி நேராகப் போகாமல் அலைந்தால், முன் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடின் புஷ்களை (ரப்பர் உறைகளை) முதலில் பாருங்கள். மலைச்சாலையில் டிரெய்லர் இழுப்பவருக்குப் பழைய 1.41 பாக்ஸே நல்லது. டிஸ்கவரி பாக்ஸ் போட்டபின் மேட்டில் ஐந்தாம் கியர் திணறுகிறதென்று எஞ்சினின் டீசல் பம்பில் டீசலைக் கூட்டாதீர்கள். எஞ்சின் புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி இல்லாமல் அதைச் செய்தால் பிஸ்டனுக்கு ஆபத்து.