ஆயிரம் சொல் பட்டியலைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகள் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். வருகிற செப்டம்பரில் கென்ட் சோதனை, அதாவது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கிராமர் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் சோதனை. கணக்கில் கெட்டிக்காரி, ஆங்கிலச் சொற்களில்தான் இடறுகிறாள். ஆயிரம் ஒத்தசொற்கள் உள்ள பட்டியல் ஒன்றை வாங்கி, நாளுக்கு 20 சொல் என்று பாடமாக்க வைத்திருக்கிறீர்கள். மூன்று மாதமாகியும் பயிற்சித் தாள்களில் புள்ளி அசையவில்லை. கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள்: வீட்டில் தமிழ் கதைப்பதை இந்த ஒரு வருடத்துக்கு நிறுத்திவிடட்டுமா?

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

கணக்கில் அள்ளிக்கொண்டு வந்து ஆங்கிலத்தை ஈடுகட்டிவிடலாம் என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கென்ட்டில் அது சரிவராது. ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் (தர்க்கமாய்ச் சிந்திக்கும் திறன்) என்று மூன்று புள்ளிகள் வரும். மொத்தம் எல்லையைத் தாண்டினால் மட்டும் போதாது, மூன்றில் ஒன்றுகூடத் தனக்கென்று வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. சொல்வளமோ ஆங்கிலத் தாளில் ஒரு தரம், ரீசனிங்கின் சொல் பகுதியில் இன்னொரு தரம் என்று இரண்டு இடத்தில் கேட்கப்படுகிறது. ஆகவே உங்கள் கவலை வீண் கவலை இல்லை. இன்னொன்று, எசெக்ஸில் இருக்கும் உங்கள் அக்கா அனுப்பிய பழைய தாள்களைப் பெரிதாக நம்பாதீர்கள். அங்கே பள்ளிகளின் கூட்டமைப்பு தன் சொந்தத் தாளை வைக்கிறது. லண்டனின் சட்டன் பகுதியில் முதற்கட்டம் ஆங்கிலமும் கணக்கும் மட்டும்தான். எல்லாவற்றையும் ‘லெவன் பிளஸ்’ என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, பகுதிக்குப் பகுதி சோதனை வேறு.

சரி, பட்டியலுக்கு வருவோம். அதில் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல், சமன் குறி, இன்னொரு சொல். அந்தச் சமன் குறிதான் பிள்ளையைக் கெடுக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஒரு பட்டியலை ஒரு பையனிடம் கொடுத்தேன். ‘ஃபேமஸ்’ என்பதற்கு எதிரே ‘நொட்டோரியஸ்’ என்று இருந்தது. அடுத்த கிழமை அவன் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தான். அம்மாவின் உயிரைக் காப்பாற்றிய டொக்டரை ‘நொட்டோரியஸ் டொக்டர்’ என்று எழுதியிருந்தான். பேர் பெற்றவரைப் பேர் கெட்டவர் ஆக்கிவிட்டான். பிழை அவனுடையது இல்லை, என்னுடையது.

சோதனையில் இதே இடத்தில்தான் பொறி வைப்பார்கள். ஐந்து விடைகளில் இரண்டு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். சமன் குறியோடு படித்த பிள்ளை முதலில் கண்ணில் பட்டதைக் குறித்துவிட்டுப் போய்விடும். சொல்லுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைதான் நின்று பார்க்கும்.

அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் உங்கள் தமிழ் வேண்டும். ஒல்லியான ஒருவரைப் பற்றி நீங்கள் எப்படியெல்லாம் கதைப்பீர்கள்? பிடித்த ஆள் என்றால் ‘மெல்லிய உடம்பு’. பிடிக்காவிட்டால் ‘நோஞ்சான்’. வருத்தத்தில் கிடந்து எழும்பியவர் என்றால் ‘எலும்பும் தோலுமாய்ப் போனார்’. மூன்றும் ஒரே உடம்பைத்தான் சொல்கின்றன, ஆனால் சொல்பவரின் மனசு மூன்றிலும் வேறு. ஆங்கிலத்திலும் ‘ஸ்லெண்டர்’ பாராட்டு, ‘ஸ்கின்னி’ கொஞ்சம் இளக்காரம், ‘கோண்ட்’ என்றால் நோயோ பட்டினியோ இருக்கவேண்டும். தமிழில் இதைத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாய்ப் படிக்கவேண்டியது சொல்லின் ஓசையும் எழுத்தும்தான். சிரிப்பிலும் அப்படியே: புன்னகைத்தால் ‘ஸ்மைல்’, பல்லைக் காட்டி இளித்தால் ‘கிரின்’, ஏளனமாய் உதட்டைச் சுழித்தால் ‘ஸ்னியர்’. மகளைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்து மூன்றையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு தரம் செய்தால் போதும், பிறகு மறக்காது. நடையும் நல்ல விளையாட்டு. குசினியிலிருந்து முன்ஹோலுக்குப் போகும்போது உலாவிப் போ, நொண்டிப் போ, தள்ளாடிப் போ என்று சொல்லிவிட்டு, அதற்கு ஆங்கிலச் சொல் என்ன என்று கேளுங்கள். தம்பியும் சேர்ந்துகொள்வான், சத்தம் கூடும், பரவாயில்லை.

ஒவ்வொரு புதுச் சொல்லையும் மூன்று விதமாய்ச் சோதித்துப் பார்க்கப் பழக்குங்கள். எவ்வளவு பலமான சொல்? வெதுவெதுப்பு, சூடு, கொதிப்பு என்று ஓர் ஏணி இருக்கிறதே, அதில் இது எந்தப் படியில் நிற்கிறது? அப்புறம், இது புகழ்கிற சொல்லா, இகழ்கிற சொல்லா? கடைசியாக, எந்தச் சொல்லோடு கூட்டுச் சேரும்? ‘ஸ்ட்ராங் டீ’ என்பார்கள், ‘பவர்ஃபுல் டீ’ என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு, எங்கள் பிள்ளைகள் பலர் அதில்தான் புள்ளியை விடுகிறார்கள். இரண்டு அடைப்புக்குள் இரண்டு சோடிச் சொற்கள் இருக்கும், இரண்டு சோடிக்கும் பொருந்தும் ஒரே சொல்லைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு பக்கம் ‘மிகச் சிறியது’ என்ற பொருளில் இரண்டு சொல், மறுபக்கம் ‘கொஞ்ச நேரம்’ என்ற பொருளில் இரண்டு சொல் என்று வைப்போம். அறுபது விநாடியைச் சொல்கிற ‘மினிட்’டைத் தெரியாத பிள்ளை இல்லை. அதே எழுத்துகளை ‘மைன்யூட்’ என்று வாசித்தால் மிகமிகச் சிறியது என்று பொருள். அது தெரிந்த பிள்ளைக்குத்தான் விடை வரும்.

இதுவும் எங்களுக்குப் புதிதில்லை. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலை, பாடமாக்கினார்கள். சூடாமணி நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். முதல் பத்திலும் ஒரு பொருளுக்குள்ள பல பெயர்கள். பதினோராவது தொகுதி நேர் எதிர்: ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்கள். கென்ட் தாளில் வரும் இந்த இரண்டு வகைக் கேள்வியும் இவைதான். உங்கள் வீட்டில் இதை ‘படி’ என்ற சொல்லில் தொடங்கலாம். வாசிப்பதும் படி, ஏறுவதும் படி, அரிசி அளப்பதும் படி. ‘திங்கள்’ என்றால் நிலவு, மாதம், ஒரு கிழமை நாள். இதில் பிடி கிடைத்த பிறகு ‘ஃபேர்’, ‘பிரசென்ட்’, ‘ஃபர்ம்’ என்று ஆங்கிலத்துக்குத் தாவுங்கள். ‘ஃபேர்’ என்றால் நியாயம், சந்தை, வெளிறிய நிறம் மூன்றும் வரும் என்பது அவளுக்கே வேடிக்கையாக இருக்கும்.

நாளுக்கு 20 சொல் என்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஐந்து போதும், அதுவும் கிழமைக்கு ஐந்து நாள். செப்டம்பருக்கு முன் 30 கிழமை கிடைத்தாலும் 750 சொல் ஆகிவிடும். ஆனால் படித்ததைத் திரும்பப் பார்க்கவேண்டும். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885 இலேயே தன்னை வைத்துச் சோதித்து, பாடமாக்கியதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது என்று காட்டிவிட்டார். உங்கள் மகள் திங்களன்று படித்த இருபதும் வெள்ளிக்கு முன்னே காற்றோடு போனதில் ஆச்சரியம் இல்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மட்டையால் மூன்று அறையாக மறியுங்கள். சொல்லை ஒரு அட்டையில் எழுதி, பின்பக்கம் அவளே அமைத்த வசனம் ஒன்றை எழுதட்டும். முதல் அறையை ஒவ்வொரு நாளும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். சரியாய்ச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காது.

வசனத்தை அவள்தான் எழுதவேண்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘ரிலக்டன்ட்’ (மனமில்லாத) என்பதற்கு ‘அப்பா கடைக்குப் போக ரிலக்டன்ட்’ என்று எழுதினாலும் சரிதான். வீட்டுக் கதை என்றால் ஒட்டிக்கொள்ளும்.

கதைப்புத்தகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசிக்கட்டும், ஆனால் அகராதியும் கையுமாக வாசிக்கவைக்காதீர்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், நூலகத்தில் வேறொன்று எடுங்கள். படுக்கப் போகும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து ஒரு பக்கம் சத்தமாய் வாசியுங்கள். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். பிழை பிடிக்க அவளுக்கும் ஆசையாக இருக்கும்.

கடைசியாக ஒரு அலுவல். கென்ட் சோதனைக்குப் பிள்ளையை நீங்கள்தான் பதிய வேண்டும், பள்ளிக்கூடம் பதியாது. பதிவு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறந்து ஜூலை தொடக்கத்தில் மூடிவிடும். சரியான திகதியைக் கென்ட் கவுண்டி சபையின் இணையப் பக்கத்தில் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். முடிவு ஒக்டோபர் நடுவில் வரும், பள்ளி விண்ணப்பத்துக்கு 31 ஒக்டோபர் வரை நேரம் இருக்கும். ஆகவே எந்தப் பள்ளியை முதலாவதாகப் போடுவது என்று இப்போதே இருவரும் சண்டை பிடிக்கவேண்டாம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கிழமையில் பேசலாம். அப்போது தேவைப்பட்டால் திரும்ப எழுதுங்கள்.